கொழும்பில் பல சமய இளைஞர் குழுவுக்குப் பொறுப்பேற்பவர்களுக்கு: படிவம் முதல் சாவு வீடு வரை

மலையகத்திலிருந்து தொழிலுக்காகக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஓர் இளைஞர் குழுவின் பொறுப்பை ஏற்றபோது, எனக்குக் கிடைத்தது 28 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலும் மண்டபத்தின் சாவியும் மட்டுமே. இந்துக்கள், கத்தோலிக்கர்கள், முஸ்லிம்கள், சுதந்திர சபைக் கிறிஸ்தவர்கள், சிங்களம் பேசும் பௌத்தர்கள் எனப் பிள்ளைகள் கலந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே தெருக்களில் வளர்ந்தவர்கள்தானே, தனியாக என்ன ஏற்பாடு வேண்டியிருக்கும் என்று நினைத்து முதல் மூன்று மாதங்களை நடத்தினேன். அந்த மூன்று மாதங்களில் ஏழு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனார்கள். அவர்களில் ஒருவரின் தாயாரைப் பள்ளிவாசலுக்கு அருகில் சந்தித்துக் காரணம் கேட்டபோது, "தம்பி, முன்கூட்டிக் கேட்டிருந்தா நாங்க சொல்லியிருப்போமே" என்று மட்டும் சொன்னார். அந்தக் கேள்விகளை எப்போது, எந்தத் தாளில், எப்படிக் கேட்பது என்பதையே கீழே எழுதுகிறேன்.

1. முதலில் சேர்க்கைப் படிவத்தை மாற்றுங்கள்

பெரும்பாலான குழுக்களின் படிவத்தில் "சமயம்" என்று ஒரு கோடு இருக்கும். அதனால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு சொல். உங்களுக்குத் தேவைப்படுவதோ வேறு. அந்தக் கோட்டை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் கீழே நான்கு கேள்விகளைச் சேருங்கள்: எந்த உணவை எப்போதுமே உண்பதில்லை, எந்த நாட்களில் அல்லது விரதங்களில் உணவு மாறும், எந்த நாட்களிலும் நேரங்களிலும் வர இயலாது, எந்த வகை நிகழ்ச்சியில் பார்வையாளராக இருக்கலாமே தவிரப் பங்கேற்க விரும்பவில்லை. கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. ஒருவர் விலகி நிற்பதற்கான இடத்தை நீங்களே முன்கூட்டி எழுத்தில் கொடுத்துவிட்டால், பிறகு எல்லோர் முன்னிலையிலும் அவர் மறுக்க வேண்டிய நிலை வராது.

பெயரைப் பார்த்துச் சமயத்தை ஊகிக்காதீர்கள். கொழும்பில் தகப்பன் இந்துவாகவும் தாய் கத்தோலிக்கராகவும் இருக்கும் வீடுகள் ஏராளம்; அவ்வீட்டுப் பிள்ளை வெள்ளிக்கிழமை மரக்கறி உண்டு, ஞாயிறன்று பூசைக்குப் போவதும் உண்டு. ஊகித்து எழுதிய மூன்று பெயர்களில் இரண்டை நான் பின்னர் திருத்த வேண்டியிருந்தது.

தேவையான ஆவணங்கள் இவை: தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட படிவம், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம், கையொப்பமிட்டவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, அவசரத் தொலைபேசி இலக்கங்கள் இரண்டு, படம் எடுக்கவும் வெளியிடவும் தனியான சம்மதம். சம்மதக் கடிதத்தில் "இந்தக் குழுவில் எந்தச் சமயத்துக்கும் ஆள் சேர்க்கப்படாது, வேறு சமய வழிபாட்டில் பங்கேற்குமாறு யாரும் வற்புறுத்தப்படமாட்டார்கள்" என்ற வாக்கியத்தைக் கட்டாயம் சேருங்கள். மதமாற்றம் பற்றிய அச்சம் பல வீடுகளில் வாய்திறந்து பேசப்படாமலே இருக்கிறது. எழுத்தில் கண்ட பிறகுதான் சில பெற்றோர் என்னிடம் மனம்விட்டுப் பேசினார்கள். விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையில் உள்ளது என்பதையும் அதில் ஒரு வரியாகக் குறிப்பிடலாம்.

படிவங்கள் எல்லாம் திரும்பி வர இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகும் என்று கணக்கிடுங்கள். செலவு போட்டோப்பிரதிக் காசு மட்டுமே.

2. கூடும் நாளைத் தீர்மானியுங்கள்

நான் செய்த முதல் தவறு ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தது. பாடசாலை விடுமுறை, மண்டபம் காலியாக இருந்தது, அதனால் அது நல்ல நாள் என்று எண்ணினேன். ஆனால் பௌத்தப் பிள்ளைகளுக்குத் தஹம் பாசல, இந்துப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை, கத்தோலிக்கருக்குப் பூசையும் மறைக்கல்வியும், முஸ்லிம் பிள்ளைகளுக்கு அஹதியா என நான்கு சமயத்தாருக்கும் வகுப்பு இருப்பது அந்த ஒரே காலையில்தான். வந்தவர்கள் வகுப்பை விட்டு வந்தார்கள். வராதவர்கள் குழுவை விட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகலையும் தொடாதீர்கள். ஜும்ஆத் தொழுகைக்காக ஏறத்தாழ 12 மணியிலிருந்து 1.30 வரை முஸ்லிம் இளைஞர்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள். வெள்ளி மாலை பல இந்துக் குடும்பங்கள் கோயிலுக்குப் போகும் நேரம்.

பல மாதத் தடுமாற்றத்துக்குப் பிறகு நாங்கள் நிலைத்து நின்றது சனிக்கிழமை மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில். கொழும்பில் அஸர் தொழுகை பெரும்பாலும் மாலை 3.15க்கும் 3.45க்கும் இடையில் வரும். தொழுதுவிட்டு வருவதற்கு நேரம் இருக்கும். ஆறு மணிக்கு முடித்தால் சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்கு முன் வீட்டுக்கோ பள்ளிவாசலுக்கோ போய்ச் சேரலாம். ஆண்டின் கடைசி மாதங்களில் சூரியன் ஆறு மணிக்கு முன்னரே மறைந்துவிடுவதால், அப்போது அரை மணி நேரம் முன்தள்ளிக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் இன்னும் முன்னதாக, 5 மணிக்கே முடித்துவிடுவது நல்லது. அந்த நேரத்தில் வீட்டில் கஞ்சி காய்ச்சுவதற்கும் இப்தார் ஒழுங்குகளுக்கும் பிள்ளைகளின் கை தேவைப்படும்.

3. ஆண்டு நாட்காட்டி ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள்

டிசம்பர் மாதத்திலேயே அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டியை வாங்கி, ஒவ்வொரு சமயத்தைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, அவர்கள் கையாலேயே குறிக்கச் செய்யுங்கள். பண்டிகை நாட்கள் அச்சிலேயே இருக்கும். அச்சில் இல்லாத நாட்களே உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும்: ஐப்பசியில் ஆறு நாள் கந்தசஷ்டி, தீபாவளியை ஒட்டி முடியும் கேதார கௌரி விரதம், விபூதிப் புதனில் தொடங்கும் தவக்காலம், போயா எனும் பௌர்ணமி நாளில் சில் (பௌத்த விரத நெறி) எடுப்பவர்கள் நண்பகலுக்குப் பின் திட உணவு உண்ணாமை, ஆடிவேல் ஊர்வலத்தின்போது செட்டியார் தெரு முதல் பம்பலப்பிட்டி வரை வீதிகள் மறிக்கப்படுதல்.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, நோன்புப் பெருநாளின் திகதி பிறை பார்த்து முதல்நாள் மாலையில்தான் கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிக்கப்படும். ஆகவே நாட்காட்டியில் அச்சிட்ட நாளை நம்பி அடுத்த நாளுக்கு நிகழ்ச்சி வைக்காதீர்கள், இரு பக்கமும் ஒரு நாள் காலியாக விடுங்கள். ரமழான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னால் வருவதால், சென்ற ஆண்டின் அட்டவணையைப் பார்த்து எழுதவும் முடியாது. இரண்டாவது, போயா நாளில் இறைச்சி விற்பனைக்குத் தடை உள்ளது. அன்று உணவு ஏற்பாடு என்றால் மரக்கறி என்றே தீர்மானித்துவிடுங்கள். மூன்றாவது, பெரிய வெள்ளி துக்க நாள். "பெரிய வெள்ளி வாழ்த்துகள்" என்று யாரும் குழுவில் எழுதிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 21ஆம் திகதியையும் குறித்துவையுங்கள். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அங்கே உறவினரை இழந்தவர்களும், அதன் பின்னர் தாங்கள் செய்யாத குற்றத்துக்காகச் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர்களும் உங்கள் குழுவில் அருகருகே அமர்ந்திருக்கக்கூடும். அந்த நாளில் கேளிக்கை வேண்டாம்.

4. உணவு: இங்கேதான் அதிகம் இடறுவீர்கள்

என் முதல் ஒன்றுகூடலுக்கு நான் கவனமாக இருந்ததாகவே நினைத்தேன். கோழிப் பார்சல் ஹலால் கடையில், மரக்கறிப் பார்சல் வேறு கடையில். விரதம் இருந்த ஒரு தங்கை மரக்கறிப் பார்சலைத் திறந்தாள். பருப்பு, கத்தரிக்காய்க் கறி, ஓரத்தில் தேங்காய்ச் சம்பல். சம்பலை விரலால் சற்று ஒதுக்கி, மணந்து பார்த்து, வாழையிலையை மறுபடி மடித்து, நூலையும் கட்டி வைத்துவிட்டாள். "பசிக்கேல்ல அண்ணா" என்றாள். சம்பலில் மாசி, அதாவது காய்ந்த மீன், இருந்தது. கடைக்காரரைப் பொறுத்தவரை அது மரக்கறிச் சாப்பாடு. கொழும்பில் பலருக்கும் மாசி என்பது மீன் கணக்கில் வருவதே இல்லை.

ஆகவே கடையில் "மரக்கறி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மாசி போடக் கூடாது, கருவாடு போடக் கூடாது, முட்டை கூடாது" என்று மூன்றையும் தனித்தனியே சொல்லி, பற்றுச்சீட்டின் பின்னால் எழுதி வாங்குங்கள். இதேபோல் மறைந்திருக்கும் வேறு சில பொருட்கள்: வட்டிலப்பத்தில் முட்டை, சில கிறிஸ்மஸ் கேக்கில் பிரண்டி, ஜெலியிலும் மாஷ்மெலோவிலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலற்றின். மாட்டிறைச்சியை இந்துக்கள் மட்டுமல்லாது பௌத்தர்களில் பலரும் உண்பதில்லை என்பதால், பொது உணவில் அதை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள். பன்றி இறைச்சியையும் அப்படியே. ஒரே எண்ணெயில் மீன் கட்லட்டும் மரக்கறி றோல்ஸும் பொரிப்பது வழக்கம் என்பதால், சிற்றுண்டிக்குக் கடலையும் வாழைப்பழமும் தருவதே தொல்லையற்ற வழி.

எல்லோருக்கும் ஒரே உணவு தந்தாக வேண்டிய நாட்களில், மாசியும் முட்டையும் இல்லாத மரக்கறியைத் தேர்ந்தெடுங்கள். அது செலவிலும் குறைவு. நாங்கள் கடைசியாக எடுத்தபோது மரக்கறிப் பார்சல் 350 ரூபாவும் கோழிப் பார்சல் 500 ரூபாவுமாக இருந்தது. முன்பதிவை மூன்று நாட்களுக்கு முன் செய்து, பாதிப் பணம் கொடுத்து, இரண்டு பார்சல்கள் மேலதிகமாகச் சொல்லிவையுங்கள்.

பொங்கல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுவாமிக்குப் படைத்ததை உண்பதில்லை என்பது முஸ்லிம் பிள்ளைகளுக்கும் சில கிறிஸ்தவ சபைப் பிள்ளைகளுக்கும் மார்க்க விடயம். அதற்காகப் பொங்கலைக் கைவிட வேண்டியதில்லை, படையலையும் கைவிட வேண்டியதில்லை. இரண்டு பானை வையுங்கள். ஒன்றைப் படையுங்கள், மற்றொன்றைப் படைக்காமல் தனி மேசையில் வைத்துப் பரிமாறுங்கள், எது எது என்பதைச் சத்தமில்லாமல் எல்லோரும் அறியும்படி முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இப்படிச் செய்த முதல் தைப்பொங்கலில்தான் எங்கள் குழுவில் ஒருவரும் பசியோடு திரும்பவில்லை.

5. வழிபாட்டிடங்களுக்குச் செல்லும்போது

ஒருவருடைய வழிபாட்டிடத்தை மற்றவர் நேரில் பார்ப்பது நல்ல பயிற்சி. ஆனால் குழு தொடங்கி ஆறு மாதங்கள் கழிவதற்கு முன் செய்யாதீர்கள். ஒருவரையொருவர் பழகாத நிலையில் போனால் அது வேடிக்கை பார்ப்பதாகவே முடியும்.

இரண்டு வாரங்களுக்கு முன் கடிதம் கொடுங்கள். பங்குத்தந்தைக்கு, கோயில் அறங்காவலர் சபைக்கு, பள்ளிவாசல் நிர்வாக சபைக்கு, விகாராதிபதிக்கு எனத் தனித்தனியாக. விகாரைக்கான கடிதம் சிங்களத்தில் இருக்க வேண்டும். கடிதத்தில் எத்தனை பேர், எந்தெந்தச் சமயத்தவர், வரும் நேரம், தங்கும் நேரம், படம் எடுப்பீர்களா, பொறுப்பாளரின் அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். குழு தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தில் பதிவு செய்யப்பட்டிருந்தால் பதிவு இலக்கத்தையும் சேருங்கள். இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் பெற்று இணைப்பது கை கொடுக்கும். பெயர்ப்பட்டியலின் பிரதிகள் நான்கு கையில் இருக்கட்டும். 2019க்குப் பிறகு பைகளைச் சோதிப்பது வழக்கமாகிவிட்டதால், பெரிய பைகளைக் கொண்டுவர வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து தொடங்கினால் வாகனச் செலவே இல்லாமல் ஒரு சனிக்கிழமையில் நான்கு இடங்களையும் நடந்து பார்க்கலாம். எங்கள் ஒழுங்கு இது: காலை 8.30க்குத் தீபதுத்தாராமய விகாரை, 9.45க்குப் புனித லூசியா பேராலயம், 11 மணிக்குப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், மதிய உணவுக்குப் பின் 1.30க்குப் புறக்கோட்டையிலுள்ள ஜாமிஉல் அல்பர் பள்ளிவாசல், அதாவது எல்லோரும் சிவப்புப் பள்ளி என்று சொல்வது. இந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு. பிக்குமார் நண்பகலுக்கு முன் தானம் உண்டு முடிக்க வேண்டும் என்பதால் 11 மணிக்குமேல் விகாரைக்குப் போவது இடைஞ்சல். கோயில்கள் மதியப் பூசையோடு நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். தவிர, பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் முழுவதும் கருங்கல் என்பதால் வெயில் ஏற ஏற வெறுங்காலோடு வெளிவீதியில் நிற்க முடியாது. நண்பகல் ளுஹர் தொழுகைக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரத்தில் பள்ளிவாசல் அமைதியாக இருக்கும். புனித அந்தோனியார் திருத்தலத்துக்கும் போக விரும்பினால் செவ்வாய்க்கிழமையைத் தவிருங்கள். அன்று கூட்டம் நெரியும்.

உடைக்கு ஒரே விதி போதும்: தோளும் முழங்காலும் மறைய வேண்டும், நிறம் வெள்ளைக்கு அண்மையாக இருக்கட்டும், பெண் பிள்ளைகள் ஒரு சால்வை கொண்டுவரட்டும். சில கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். விருப்பமில்லாதவர் வெளிமண்டபத்தோடு நின்றுகொள்ளலாம் என்று முதலே சொல்லுங்கள்.

நடத்தையில் கவனிக்க வேண்டியவை இடத்துக்கு இடம் மாறும். விகாரையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. செல்பி எடுக்கும் பழக்கத்தில் பிள்ளைகள் இதைத் தம்மை அறியாமலே செய்துவிடுவார்கள், அது பெருங்குற்றமாகப் பார்க்கப்படும். தேரரைவிட உயர்ந்த ஆசனத்தில் அமரக் கூடாது, கைகுலுக்கக் கூடாது. பள்ளிவாசலில் தொழுபவரின் முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது.

பேராலயத்தில் பூசை நடக்கும் நேரத்தில் இருந்தால், நற்கருணை பற்றி முன்கூட்டி விளக்க மறக்காதீர்கள். நான் விளக்கவில்லை. எல்லோரும் எழுந்து வரிசையில் போனபோது எங்கள் குழுவின் இந்துத் தம்பி ஒருவனும், உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி, கைகளை ஏந்தியபடி வரிசையில் போனான். இரண்டு பேருக்குப் பின்னால் நின்ற கத்தோலிக்கத் தோழி கண்டு, அவன் தோளைத் தொட்டு, "நீ கையை நெஞ்சில குறுக்கா வை, ஃபாதர் ஆசீர்வாதம் மட்டும் தருவார்" என்று காதில் சொன்னாள். அவன் அப்படியே செய்தான், குருவானவரும் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். யாருக்கும் மனத்தாங்கல் வராமல் முடிந்தது அவளால்தான், என்னால் அல்ல. நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டும் உரியது, மற்றவர்கள் இருக்கையிலேயே அமர்ந்திருப்பது முற்றிலும் சரி என்பதை வாசலுக்கு வெளியே வைத்துச் சொல்லிவிடுங்கள்.

உள்ளே வராமல் நிற்பவர்களிடம் காரணம் கேட்காதீர்கள். வீட்டில் துடக்கு (தீட்டு) இருக்கலாம், மாதவிடாய் நாளாக இருக்கலாம், மார்க்கம் அனுமதிக்காதிருக்கலாம், வெறுமனே மனம் ஒப்பாமல் இருக்கலாம். செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொள்வதற்கு இரண்டு பேர் எப்படியும் வேண்டும். அந்தப் பொறுப்பை முன்னதாகவே அறிவித்து, விரும்பியவர் எடுக்கலாம் என்று விட்டுவிட்டால், வெளியே நிற்பவர் எவரும் தனித்துத் தெரியமாட்டார். எங்கள் குழுவில் இப்போது அந்தப் பொறுப்புக்குச் சில நேரம் நான்கு பேர் நிற்கிறார்கள்.

செலவு: நுழைவுக்கு நாங்கள் எங்கும் பணம் கட்டவில்லை. உண்டியலுக்குக் குழுவின் பெயரால் ஒரே தொகையை நான்கு இடத்திலும் இடுங்கள். ஓரிடத்தில் கூடவும் மற்றோரிடத்தில் குறையவும் கொடுத்தால் பேச்சு வரும். பிள்ளைகளிடம் தனித்தனியாகக் காணிக்கைப் பணம் கேட்காதீர்கள், ஏனெனில் வேறு சமயத்துக்குக் காணிக்கை இடுவதும் சிலருக்கு மார்க்கக் கேள்வி.

6. தொடக்கப் பிரார்த்தனையும் குத்துவிளக்கும்

ஒரு சமயத்தின் செபத்தோடு கூட்டத்தைத் தொடங்குவதும், நான்கு சமயத்தின் செபங்களையும் வரிசையாகச் சொல்வதும் நான் முயன்று கைவிட்டவை. இரண்டாவது முறையில் எல்லோருக்கும் இடம் கிடைப்பது போலத் தோன்றும். ஆனால் சுதந்திர சபைப் பிள்ளைகள் தரையைப் பார்த்தபடி நிற்பதையும், பௌத்தப் பிள்ளைகளில் மூத்தவரை மட்டும் ஒவ்வொரு வாரமும் பன்சில் (பௌத்தரின் ஐந்து சீலங்கள்) சொல்ல அழைப்பதால் அவர் களைத்துப்போவதையும் கண்டேன். இப்போது ஒரு நிமிட மௌனம். அவரவர் தம் மனத்துக்குள் சொல்வதைச் சொல்லிக்கொள்ளலாம்.

விளக்கேற்றும் நிகழ்வு இருந்தால், பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் பொலிஸ் அனுமதி வேண்டும். ஒரு வாரம் முன்னதாக எழுத்தில் கேளுங்கள், பக்கத்தில் தொழுகையோ பூசையோ நடக்கும் நேரங்களில் ஒலியை நிறுத்திவையுங்கள்.

7. வாட்ஸ்அப் குழு

சமயப் பரப்புரை, பிற சமயத்தைக் கேலி செய்யும் படங்கள், அரசியல் ஆகிய மூன்றும் இல்லை என்ற விதியைக் குழு விவரத்திலேயே எழுதுங்கள். பண்டிகை வாழ்த்துக்குத் தடையில்லை. சமய வெறுப்பைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றம். யாரோ அனுப்பியதை முன்னனுப்பினேன் என்று சொல்லித் தப்பிவிட முடியாது என்பதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை நேரில் சொல்லிவையுங்கள். தவறான பதிவு வந்தால், பொதுவில் கண்டிக்காமல் அனுப்பியவரை அழைத்து நீக்கச் சொல்லுங்கள். அறிவிப்புகளை இரு மொழியிலும் இடுங்கள்.

8. சாவு வீட்டுக்குப் போகும் ஒழுங்கு

இதைப் பெரும்பாலான குழுக்கள் யோசித்து வைப்பதில்லை, ஆனால் ஓர் ஆண்டுக்குள் எப்படியும் வந்துவிடும். முஸ்லிம் வீட்டில் இறப்பு என்றால் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே ஜனாஸா நல்லடக்கம் முடிந்துவிடும். மாலை வேலை முடிந்து போகலாம் என்று நினைத்தால் தவறவிடுவீர்கள். மலர்வளையம் வேண்டாம், பெண்கள் வீட்டோடு நின்றுகொள்வார்கள். பௌத்த, கிறிஸ்தவ, இந்து வீடுகளில் ஓரிரு நாட்கள் இருக்கும். வெள்ளை உடை எங்கும் பொருந்தும். இந்துப் பிள்ளைகள் சாவு வீட்டுக்குப் போனபின் தலைமுழுகாமல் வேறு வேலைக்குப் போகமாட்டார்கள், ஆகவே அன்று மாலைக் கூட்டத்தை ஒத்திவையுங்கள்.

ஒவ்வொரு சமயத்திலிருந்தும் இருவரின் தொலைபேசி இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, வான் ஓட்டும் ஒருவரின் இலக்கத்தையும் அதன் கீழே சேர்த்து, மண்டபத்துக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். செய்தி வந்தவுடன் முதலில் அந்தச் சமயத்து இருவரையும் அழைத்து, எத்தனை மணிக்கு, யார் யார், எதைக் கொண்டுவரலாம் என்று கேட்டுவிட்டு, அதன் பிறகே குழுவுக்கு அறிவியுங்கள்.